கேட்பதில் வல்லவர்கள்

சிகாகோவின் புறநகரான சவுத் பாரிங்டனில் இருக்கும் வில்லோ கிரீக் சபைக்கு 2025 அக்டோபரில் ஐம்பது வயது நிறைந்தது. அமெரிக்க மெகாசர்ச்சுகளின் முன்னோடிகளுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். அதன் அருமைகளை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்வதுதான் பொன்விழாவுக்குச் செய்கிற முறையான மரியாதை.

முதல் அருமை, பிறர் சொல்லைக் கேட்டே வளர்ந்தது. 1975இல் அதைத் தொடங்கியபோது பில் ஹைபல்ஸுக்கு இருபத்து மூன்று வயது. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டினார். நீங்கள் ஏன் சர்ச்சுக்குப் போவதில்லை என்பதுதான் கேள்வி. எப்போது பார்த்தாலும் காசு கேட்கிறார்கள், பிரசங்கம் தூக்கம் வரவழைக்கிறது, எங்கள் பிழைப்புக்கும் அங்கே பேசுகிறதற்கும் ஒட்டு உறவே இல்லை என்று ஆளாளுக்குக் குறை சொன்னார்கள். யாரிடமும் அவர் வாதாடவில்லை. முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று சொன்ன குறைகளை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அதன்மேல் ஒரு சபையைக் கட்டினார். தக்காளி விற்றுத் திரட்டிய பணத்தையும் வைத்துக்கொண்டு, பாலட்டைன் ஊரில் ஒரு திரையரங்கை வாடகைக்குப் பிடித்து ஆராதனை தொடங்கினார்கள். வில்லோ கிரீக் என்பது அந்தத் திரையரங்கின் பெயர்.

அடுத்த அருமை விருந்தோம்பல். ஞாயிறு ஆராதனை புதிதாக வருகிறவர்களுக்கானதாக இருந்தது. விசுவாசிகளுக்கு வார நடுவில் தனிக் கூட்டம் நடந்தது. புதியவர்களுக்கென்று நாடகம் வைத்தார்கள், ராக் இசை வைத்தார்கள். விருந்தாளிகள் காணிக்கை போட வேண்டியதில்லை என்று சொன்னார்கள். வந்தவர் மனம் சங்கடப்படக் கூடாது என்பதற்காக அரங்கில் சிலுவையைக்கூட வைக்கவில்லை. 1981இல் சவுத் பாரிங்டனில் சொந்தக் கட்டடம் எழுந்தது. 2004இல் திறந்த புது அரங்கில் 7,200 இருக்கைகள். உணவுக்கூடமும் புத்தகக்கடையும் குளமும் பரந்த வாகன நிறுத்துமிடமும் அதில் வழிகாட்டத் தொண்டர்களுமாக, வருகிறவருக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. வார இறுதியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள்.

நிர்வாகத் திறமையைத் தனியே சொல்ல வேண்டும். 1991இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்தச் சபையை மாணவர்களுக்குப் பாடமாக்கியது. அதை எழுதியவர்களில் ஒருவரான ஜிம்மி மெலாடோ பிறகு வில்லோ கிரீக் கூட்டமைப்பின் தலைவராகவே வந்துவிட்டார். 1992இல் தோன்றிய அந்தக் கூட்டமைப்பு இந்த முறையை மற்றச் சபைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. 1995இல் தொடங்கிய தலைமைத்துவ மாநாட்டுக்கு உலகின் பல நாடுகளிலிருந்தும் போதகர்கள் பதிவுக் கட்டணம் கட்டி வந்தார்கள். 2000ஆம் ஆண்டு மாநாட்டு மேடையில் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் உட்கார்ந்திருந்தார். ஹைபல்ஸ் அவரைப் பேட்டி கண்டார். பெண் விவகாரத்தில் தான் செய்த பெரும் பிழையைப் பற்றி ஆயிரக்கணக்கான போதகர்கள் முன்னிலையில் அதிபர் பேசினார். நாட்டின் அதிபரையே கணக்குச் சொல்ல வைக்கும் துணிச்சல் எத்தனை சபைகளுக்கு உண்டு?

நேர்மையிலும் குறைசொல்ல முடியாது. சபையே நடத்தி 2007இல் வெளியிட்ட ‘ரிவீல்’ ஆய்வு அதற்குச் சாட்சி. சபையின் நிகழ்ச்சிகளில் ஒருவர் எவ்வளவு அதிகமாகப் பங்கெடுத்தாலும், அதனால் மட்டும் அவருக்குக் கடவுள்மேல் அன்பு கூடிவிடுவதில்லை என்று கேள்வித்தாள்கள் காட்டின. முப்பது ஆண்டு உழைப்பின் அடித்தளத்தையே ஆட்டக்கூடிய முடிவு. இன்னொரு சபையாக இருந்தால் அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கும். இவர்கள் புத்தகமாகப் போட்டார்கள். நாங்கள் தவறிவிட்டோம் என்று ஹைபல்ஸ் ஊரறியச் சொன்னார். கேள்வித்தாளும் விளக்கப்படமும் பேசினால் வில்லோ கிரீக் செவிகொடுக்கும் என்பதை அந்த ஆண்டு நிரூபித்தது.

நான் மிகவும் மதிக்கிற அருமை, பெண்களுக்கு அது கொடுத்த இடம். பெண்கள் பிரசங்க மேடையில் நிற்கக் கூடாது என்று பெரும்பாலான சுவிசேஷ சபைகள் கதவைச் சாத்தியிருந்த காலத்திலேயே, வில்லோ கிரீக்கில் பெண்கள் சபையை மேற்பார்வையிடும் மூப்பர்கள் ஆனார்கள், பிரசங்கித்தார்கள், துறைகளை நடத்தினார்கள். வேதாகமத்திலிருந்தே அதற்கு நியாயம் எடுத்துக் கொடுத்தவர் ஹைபல்ஸின் ஆசானும் சபை நிறுவனர்களில் ஒருவருமான பேராசிரியர் கில்பர்ட் பிலெசிக்கியான். சுயமாகச் சிந்திக்கவும், தவறு கண்டால் எழுந்து பேசவும், பேசியதற்குப் பொறுப்பேற்கவும் ஒரு தலைமுறைப் பெண்கள் இங்கே பயிற்சி பெற்றார்கள். பயிற்சி வீண்போகவில்லை. 2014 முதல் அவர்கள் பேசினார்கள்.

ஹைபல்ஸின் நடத்தை பற்றித்தான் பேசினார்கள். முன்பு அவரோடு ஊழியம் செய்த சில தலைவர்கள் மூப்பர்களிடம் போய், சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றார்கள். ஹார்வர்டு பாடம் எழுதிய மெலாடோவும் அவர் மனைவியும் அவர்களில் இருந்தார்கள். சபையை வெளியிலிருந்து வந்து இகழ்ந்த எதிரிகள் யாரும் அதில் இல்லை. அதைக் கட்டியெழுப்பியவர்களே வந்து நின்றார்கள். மூப்பர்கள் வழக்கமான ஒழுங்கோடு செயல்பட்டார்கள். தாங்களே விசாரித்தார்கள். பிறகு வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்தினார்கள். குற்றத்துக்குச் சான்று இல்லை என்று கோப்பு மூடியது. கோப்பை ஒழுங்காக மூடுவதில் அந்தக் குழுவை யாரும் மிஞ்ச முடியாது.

2018 மார்ச் 22 அன்று சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் அந்தக் கோப்பைத் திறந்தது. தகாத பேச்சு, நீண்ட அணைப்பு, ஹோட்டல் அறைக்கு அழைப்பு, விரும்பாத முத்தம் என்று பல ஆண்டுகளாக நடந்ததாகப் பெண்கள் சொன்னதை விரிவாக வெளியிட்டது. சொன்னவர்களில் ஒருவர் அந்தச் சபையில் பிரசங்கம் செய்தவர். ஹைபல்ஸ் எல்லாவற்றையும் மறுத்தார். தலைவரை வீழ்த்த முன்னாள் ஊழியர்கள் கூடிச் செய்த சதி என்று சபைக் கூட்டத்தில் விளக்கம் தரப்பட்டது. ஏப்ரல் 10 அன்று அவர் முன்கூட்டியே ஓய்வை அறிவித்தபோது சபையார் எழுந்து நின்று கைதட்டினார்கள். நன்றி மறவாத மக்கள். நாற்பத்திரண்டு ஆண்டுப் பிரசங்கங்களுக்கு அந்த ஒரே கைதட்டலில் நன்றி சொல்லிவிட்டார்கள். பொய்யர்கள் என்று பெயரெடுத்த பெண்களுக்கு அந்தச் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

தலைமை மாற்றத்திலும் இவர்களின் திட்டமிடல் தனித்துத் தெரியும். நிறுவனர் போனபின் யார் என்று யோசிக்காமலேயே பல பெரிய சபைகள் உடைந்திருக்கின்றன. வில்லோ கிரீக் பல ஆண்டுகள் யோசித்தது. 2018 அக்டோபரில் ஹைபல்ஸ் விலகுவார், ஹெதர் லார்சன் தலைமைப் போதகராக இருப்பார், ஸ்டீவ் கார்ட்டர் தலைமைப் பிரசங்கியாக இருப்பார் என்று ஓராண்டு முன்பே அறிவித்தார்கள். ஒரு பெண்ணைத் தலைமையில் அமர்த்திய துணிவைப் பலரும் கொண்டாடினார்கள். யாருக்கு எந்தப் பொறுப்பு, எந்த மாதத்தில் கைமாறும் என்பதெல்லாம் தாளில் தெளிவாக இருந்தது. மூடிவைத்த கோப்பும் அந்தப் பொறுப்போடு சேர்ந்தே அவர்கள் கைக்கு வந்தது.

2018 ஆகஸ்ட் 5 அன்று நியூயார்க் டைம்ஸ் இன்னொரு பெண்ணின் வாக்குமூலத்தை வெளியிட்டது. 1980களில் ஹைபல்ஸின் உதவியாளராக இருந்தவர் அவர். அதையும் ஹைபல்ஸ் மறுத்தார். கார்ட்டர் அன்றே விலகினார். ஆகஸ்ட் 8 அன்று லார்சன் விலகினார். மூப்பர் குழு முழுவதும் விலகுவதாக அறிவித்தது. அந்தப் பெண்களிடம் மூப்பர்கள் மன்னிப்பும் கேட்டார்கள். மறுநாள் காலை உலகத் தலைமைத்துவ மாநாடு குறித்த நேரத்தில் தொடங்கியது.

2019 பிப்ரவரி இறுதியில் சுதந்திரமான ஆலோசனைக் குழு ஒன்று தன் அறிக்கையைத் தந்தது. பெண்களின் குற்றச்சாட்டுகள் நம்பத்தகுந்தவை என்றது. ஹைபல்ஸ் ஆண், பெண் என்று பாராமல் ஊழியர்களைச் சொல்லாலும் மனத்தாலும் அச்சுறுத்தினார் என்றது. பல பத்தாண்டுகளாக மூப்பர் குழுவால் அவரைச் சரியாகக் கண்காணிக்க முடியவில்லை என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பிலெசிக்கியான் மீதும் ஒரு பெண் பகிரங்கமாகக் குற்றம் சொன்னார். அவர் மறுத்தார், சபை அதை நம்பத்தகுந்தது என்று ஏற்றது. பெண்களுக்குச் சமஉரிமை உண்டென்று போதித்த பேராசிரியரும், அதை நடைமுறையாக்கிய போதகரும் இப்படிப் பேசப்பட்டார்கள். போதனை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை உண்மையாகவே நம்பியவர்கள் அந்தப் பெண்கள்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இடைக்காலத் தலைவராக ஸ்டீவ் கில்லன் இருந்தார். 2020இல் மிச்சிகனிலிருந்து டேவ் டம்மிட் தலைமைப் போதகராக வந்தார். பெருந்தொற்றுக்குப் பிறகு வருகை பாதியளவுக்குச் சரிந்தது. 2022இல் ஊழியர்களில் சுமார் 30 சதவீதம் பேரை அனுப்ப வேண்டியிருந்தது. வேலை இழந்தவர்களில் பலர் எந்த மேடையிலும் ஏறாதவர்கள். பெரியவர்கள் மௌனமாக இருந்ததற்கான செலவில் ஒரு பங்கை அவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள்.

எந்த மறைபொருளும் இல்லாமல் புகழ வேண்டியதும் அந்த வளாகத்தில் இருக்கிறது. பசித்தவர்களுக்கு உணவுப்பொருள் தருகிற உதவி மையம் அங்கே உண்டு. தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்குப் பழைய கார்களைப் பழுதுபார்த்துக் கொடுத்த தொண்டர்களும் உண்டு. கையில் கிரீஸ் படிய வேலை செய்த அவர்களை எந்த நாளிதழும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய உழைப்பின் நற்பெயர் சபையின் நற்பெயரானது. அந்த நற்பெயரைக் காப்பதற்காகவே பெண்கள் சந்தேகிக்கப்பட்டார்கள். ஊழியம் கெட்டுவிடக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே உண்மை தள்ளிப்போடப்படுவது எல்லாப் பெரிய சபைகளிலும் நடக்கக்கூடியது. ஊழியத்தின் பெயரைச் சொல்லி ஒருவரை வாயடைக்கும்போது, ஊழியத்துக்காக உழைத்தவர்களையும் சேர்த்தே அவமதிக்கிறோம்.

மூப்பர்களின் வேலை போதகரைப் பாராட்டுவது அன்று, போதகரிடம் கேட்பது. இந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று முகத்துக்கு நேரே கேட்பது. ஏழாயிரம் இருக்கைகளை நிரப்புகிற மனிதரிடம் அதைக் கேட்பது கடினம். கடினம் என்பதால்தான் அதற்கென்று மூப்பர்களை வைக்கிறார்கள்.

அந்தக் கேள்வியைச் சம்பளமோ பதவியோ பாதுகாப்போ இல்லாமல் கேட்டவர்கள் சில பெண்கள். நட்பு போனது, பெயர் கெட்டது, தாங்களே கட்டிய சபையில் அந்நியர் ஆனார்கள். அப்படியும் சொன்னதிலிருந்து பின்வாங்கவில்லை. வில்லோ கிரீக் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த தலைமைத்துவப் பாடங்களில் ஆகச் சிறந்தது அவர்கள் நடத்தியதுதான். அதற்கு எந்த மாநாட்டிலும் மேடை தரப்படவில்லை. அதைக் கற்க விரும்பும் மூப்பர்கள் பதிவுக் கட்டணமும் கட்ட வேண்டியதில்லை.