கிரகங்களை மிதித்தவன் ஊர்

ஆலிஸ் பெய்லி என்றொரு அம்மையார். 1880இல் மான்செஸ்டரில் பிறந்து, அமெரிக்காவில் பிரம்மஞான சபையில் சேர்ந்து, பிறகு அவர்களோடு பிணக்குப்பட்டுத் தனிக்கடை போட்டவர். திபெத்திய குரு ஒருவர் மனத்தாலேயே சொல்லச் சொல்ல எழுதினாராம். மறைஞான சோதிடம் பற்றிய புத்தகம் அவர் கண்ணை மூடிய பிறகு, 1951இல் வந்தது.

அதன்படி ஓர் இராசிக்கு ஒரு அதிபதி போதாது. சாதாரண ஆளுக்கு ஒருவர், சீடனாகிவிட்டால் இன்னொருவர், அதற்கும் மேலே போனவர்களுக்கு மூன்றாமவர். மேஷத்துக்குச் செவ்வாய் என்று நாம் நம்பியிருந்தோமா, ஞானப் பாதையில் கால் வைத்ததும் புதனாம், அப்புறம் யுரேனஸாம். ரிஷபத்துக்குச் சுக்கிரனைத் தூக்கிவிட்டு வல்கனைப் போட்டிருக்கிறார். வல்கன் என்று ஒரு கிரகமே கிடையாது. புதனுக்கும் உள்ளே ஏதோ சுற்றுகிறது என்று 1859இல் லெவெரியே என்ற பிரெஞ்சுக்காரர் கணக்குப் போட்டார். அப்படி ஒன்று தேவையே இல்லை என்று 1915இல் ஐன்ஸ்டைன் காட்டிவிட்டார். இதற்கு நாம் ரொம்பச் சிரிக்கக்கூடாது. ராகு, கேது என்று இரண்டை வைத்துக்கொண்டு பரிகாரம் செய்கிற கூட்டம்தானே நாமும்.

கிரகங்கள் கைபிடித்துப் படிப்படியாக ஏற்றிவிடும், ஐந்து தீட்சை தாண்டினால் நீயும் குரு என்பது அம்மையாரின் கணக்கு. திருகோணமலைக்காரருக்கு இந்தப் படிக் கதை பழசு. எங்கள் ராசா கிரகங்களையே படியாகப் போட்டு ஏறினவர்.

கதை இப்படி. ஒன்பது கிரகங்களையும் பிடித்து வந்த இராவணன், சிம்மாசனத்துக்குப் போகும் படிகளாகக் குப்புறப் படுக்கவைத்தான். சூரியன் ஒரு படி, சந்திரன் ஒரு படி. தலையே இல்லாத கேதுவுக்குக் குப்புற எது, மல்லாக்க எது என்று யார் பார்த்தார்களோ தெரியாது. பிறகு மனைவிக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியது. பிள்ளை பிறக்கும் நேரத்தில் எல்லாரும் பதினோராம் இடத்தில், இலாபத்தானத்தில், போய் வரிசையாக நில்லுங்கள் என்று கட்டளை. எட்டுப் பேர் நின்றார்கள். சனி மட்டும் ஒற்றைக் காலை மெல்லப் பன்னிரண்டாம் இடத்துக்கு, அதாவது விரயத்துக்கு, நீட்டிவிட்டார். இந்திரசித்து பிறந்தான், ஆயுளில் ஓட்டை விழுந்தது. ஆத்திரத்தில் இராவணன் அந்தக் காலை வெட்டிப்போட்டான். சனி ஒரு இராசியைக் கடக்க இரண்டரை வருஷம் எடுப்பதற்கு இதுதான் காரணமாம். ஏழரைச் சனி பிடித்து ஏழரை வருஷமும் அழுகிறவர்கள், இந்தக் கணக்கில், அந்த வாளைத்தான் நோகவேண்டும்.

சனி மறக்கவில்லை. ஒரு நாள் நாரதர் வந்தார். “இலங்கேசா, முதுகில் மிதிக்கிறதெல்லாம் ஒரு வீரமா? நெஞ்சில் மிதியும்” என்றார். பத்துத் தலை இருந்து என்ன, ஒன்றிலாவது சந்தேகம் வரவேண்டாமா? திருப்பிப்போட்டான். அடுத்த முறை படியேறும்போது சனி அண்ணாந்து ஆசை தீரப் பார்த்தார். மிச்சத்தைக் கம்பர் சொல்லியிருக்கிறார்.

இதே ராசாதான், வயதான தாய் கும்பிடட்டும் என்று கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையைப் பெயர்க்கப் பார்த்து வாளால் ஒரு வெட்டு வெட்டியவன். மலை நெடுக்காகப் பிளந்து கிடக்கும் அந்த இராவணன் வெட்டுக்குள் எட்டிப் பார்த்தால், கீழே கடல் கொந்தளித்து நுரை தள்ளும். தாய் இறந்ததும் கிரியைக்காக நிலத்தில் குத்தி எடுத்ததுதான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள். அடுத்தடுத்து இருந்தும் ஏழுக்கும் ஏழு சூடு. இன்றைக்கும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள்.

கிரகங்களோடு இவ்வளவு மல்லுக்கட்டு ஒன்றும் தேவைப்படாத பிள்ளை ஒருவர், ஏழாம் நூற்றாண்டில். மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தரை, நாளும் கோளும் சரியில்லை என்று மறைக்காட்டில் வைத்து அப்பர் தடுத்தார். வயதில் மூத்தவர், நியாயமான கவலை. சம்பந்தர் பரிகாரம் கேட்கவில்லை, சாந்தி செய்யவில்லை. கோளறு பதிகம் பாடினார். ஒன்பது பேரும் நல்லவர்கள்தான் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். கோணமலைக்கும் பதிகம் பாடினார், ஆனால் கப்பல் ஏறவில்லை. இராமேசுவரத்தில் நின்றே பாடினார் என்பது மரபு. அவர் பதிகங்களில் எட்டாம் பாட்டு வழக்கமாக இராவணனுக்கு. கயிலை மலையைத் தூக்குவான், சிவனின் விரலடியில் நசுங்குவான், அழுவான், அருள் பெறுவான். பதிகத்துக்குப் பதிகம் இதே தண்டனை. அவனுக்கே அலுத்திருக்கும்.

1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்டன்டினோ டி சா வந்து கோணேசர் கோயிலை இடித்தார். கல்லில் ஒரு பங்கு கோட்டைச் சுவருக்குப் போனது, ஒரு பங்கு கடலுக்குள் விழுந்தது. அவர் நல்ல நேரம் பார்த்து வந்தாரா என்று எங்கும் எழுதியில்லை. அந்தக் கோட்டைக்குள் இப்போது புள்ளிமான்கள் உலாத்துகின்றன. கோயிலுக்குப் போகிறவர்களிடம் வாழைப்பழம் வாங்கித் தின்கின்றன.

அந்தக் கல் விழுந்த கடலுக்குள் 1956இல் ஒருவர் குதித்தார். மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி, இங்கிலாந்துக்காரர். மலையடியில் செதுக்கிய தூண்களைக் கண்டார். கிளார்க் அதை அடுத்த வருஷமே புத்தகமாக்கிவிட்டார். வில்சன் 1962இல் சிங்களத்தின் முதல் வண்ணப்படம் ‘ரன்முத்து தூவ’வை எடுத்தார். பிறகு சினிமா, கமரா எல்லாவற்றையும் விட்டு, காவி உடுத்து, சுவாமி சிவ கல்கி ஆனார். கதிர்காமக் கந்தனிடம் சரண். அம்மையாரின் புத்தகத்தில் தீட்சைக்குரிய இராசி மகரம்; ஆடு மலையுச்சிக்கு ஏறுகிற மாதிரி ஏறவேண்டும். இந்த மனுசன் ஏறவேயில்லை. காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு கீழே போனார், சுவாமியாகி வந்தார்.

சனிக்கு மட்டும் இன்னும் வேலை ஓயவில்லை. புரட்டாதிச் சனிக்கு ஊர்ச் சிவன் கோயில்களில் கூட்டம் நெருக்கும். எள்ளுப் பொட்டலத்தைத் திரியாக்கி, நல்லெண்ணெயில் எரிப்பார்கள். கையெல்லாம் பிசுபிசுப்பு, மூக்கெல்லாம் புகை. “நேரே நிண்டு கும்பிடாதை பிள்ளை, பார்வை படும்” என்று ஓர் அம்மம்மா பேத்தியை இழுத்துவிடுவார். அங்கே கோணேசர் மலை விளிம்பில் இராவணனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுக்க இன்னொரு வரிசை. ஒருவருக்கு எண்ணெய், மற்றவருக்கு செல்பி. எவர் இப்போது இலாபத்தானத்தில் நிற்கிறார் என்பதைச் சோதிடர்தான் சொல்லவேண்டும், அவரும் சனிக்கிழமை பின்னேரம் கடை பூட்டிவிடுவார்.