செவிசாய்ப்பியல்: தென்சென்னை அலுவலகங்களில் கருத்துக் கேட்கப்படும் முறைமை குறித்த ஒரு முன்னாய்வு

1. ஆய்வெல்லை

வடக்கே ஜெமினி மேம்பாலம், தெற்கே அடையாறு டெப்போ, கிழக்கே கபாலீசுவரர் கோயில் குளம், மேற்கே மாம்பலம் ரயில் நிலையம். இந்த நான்கெல்லைக்குள் திங்கட்கிழமை காலைகளில் “யார் வேணா மனசுல பட்டதை ஃப்ரீயா சொல்லலாம்” என்ற வாக்கியம் மிகுந்து ஒலிக்கிறது. அது ஒலித்து முடிந்ததும் அறையில் நிலவும் அமைதியே இவ்வாய்வின் முதன்மைத் தரவு. பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனிகளையும் சேர்த்திருக்கலாம். ஆட்டோக்காரர் கேட்ட தொகைக்கு ஆய்வு நிதி இடந்தரவில்லை.

2. முன்னோர் மொழிந்தவை

இத்துறையின் ஆதி நூல் கல்லில் இருக்கிறது. திருநெல்வேலிக்குப் பக்கத்து மானூரில், ஏறத்தாழ கி.பி. 800-இல் வெட்டிய பாண்டியர் கல்வெட்டு, சபையில் எது வந்தாலும் ‘கூடாது, கூடாது’ என்று முட்டுக்கட்டை போடுகிறவருக்குக் காரியம் ஒன்றுக்கு 5 காசு தண்டம் விதிக்கிறது. அவருக்கு ஒத்து ஊதுகிறவர்களுக்கும் விலக்கில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அக்கவுன்ட்ஸ் தலைவர் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் மானூரில் இன்னொரு ஏரியே வெட்டியிருக்கலாம். எதற்கும் ‘ஆமாம், ஆமாம்’ என்பவருக்கு மட்டும் கல்வெட்டில் தண்டம் இல்லை. அதன் பலனை 1,200 ஆண்டுகளாக அனுபவித்து வருகிறோம்.

அடுத்தது உத்திரமேரூர். பராந்தகச் சோழன் காலத்தில், 921-இல், 30 குடும்புகளுக்கும் குடவோலையில் ஆள் எடுத்தார்கள். அறிஞர்கள் மேடையேறினால் குடத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அந்தக் குடத்துக்குள் ஒருவர் பெயர் போக என்னென்ன வேண்டும் என்ற பட்டியலுக்கு வரும்போது ‘நேரமாகிவிட்டது’ என்று துண்டுச்சீட்டு வந்துவிடும். பட்டியல் இதுதான்: வயது 35-க்கு மேல் 70-க்குள், வரி கட்டும் நிலம் கால் வேலியாவது, சொந்த மனையில் வீடு, போதாக்குறைக்கு வேதப் படிப்பு. கால் வேலியின் இடத்தில் இன்று காலண்டர் இன்வைட் இருக்கிறது.

3. கருத்தின் வகைகள்

மேலாளர் கருத்து: கேட்கப்படும்.

ஒரு பெண் ஊழியர் சொல்லி, அடுத்த நாற்காலிக்காரர் ஐந்து நிமிடம் கழித்து உரக்கச் சொன்ன கருத்து: இதுவும் கேட்கப்படும், இரண்டாம் தடவை.

ஜூமில் மியூட்டை எடுக்காமல் சொன்ன கருத்து: மாசற்றது. எவராலும் மறுக்கப்பட்டதில்லை.

எழுதிப் பெட்டியில் போட்ட கருத்து: இதற்குத் தனி இயல் வேண்டும்.

4. பெட்டிச் சுவடி: பாடமும் உரைகளும்

பனகல் பூங்காவை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் (சுவடியின் உடைமையாளர் வேண்டிக்கொண்டபடி பெயர் மறைக்கப்பட்டது) தகரத்தில் ஆலோசனைப் பெட்டி ஒன்று சுவரில் தொங்குகிறது. சாவி எச்.ஆர். மேடத்திடம் இருக்கிறது என்பது ஒரு மரபு. முந்தைய எச்.ஆர். மேடத்தோடு பெங்களூருக்குப் போய்விட்டது என்பது அதனினும் தொன்மையான மரபு. சுவருக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதில் பெட்டி திறந்து, உள்ளிருந்து ஒரே ஓர் ஏடு கிடைத்தது. அதன் மூலபாடம்:

‘ஏசி தண்ணி தலைல சொட்டுது.’

முதல் உரைகாரர் (நிர்வாகம்), ‘தலை’ என்பதைத் தலைமை எனக் கொண்டு, இஃது உயர்பதவியினர் மீது எய்த மறைமுகக் கணை என்றார் (பெட்டி., ஏடு 1, முன்பக்கம்; பின்பக்கம் இரண்டு இட்லி, ஒரு வடை). இரண்டாமவர் (எச்.ஆர்.) அதை மறுத்தார். மேலிடத்துத் தகவல் கீழே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறது என்ற ஏக்கமே இங்குத் தொனிப்பொருள் என்பது அவர் துணிபு (மேற்படி, ஒப்புநோக்குக: மேற்படியாரின் பவர்பாயின்ட், சிலைடு 14, நீல அம்புக்குறி). மூன்றாமவர் ‘கொட்டுது’ என்று பாடபேதம் கொண்டார். எழுத்து நனைந்து கலைந்திருப்பதால் முதலெழுத்தைத் துணிய இயலவில்லை என்பது அவர் வாதம் (மேற்படியின் மேற்படி, அவரே பின்னர் மறுத்தது: கேன்டீன் வாய்மொழி, இரண்டாம் டம்ளர்). ஏடு ஏன் நனைந்தது என்று மூவரும் கேட்கவில்லை.

சுவடியின் காலம் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. ஏட்டின் பின்பக்கத்துப் பில்லிலுள்ள வடை விலையைக் கொண்டு காலத்தைக் கணிக்கப் புகுந்த ஒருவர் முனைவர் பட்டத்தை நெருங்கிவிட்டார். அவருடைய நெறியாளர், இந்த ஏடு முழுவதுமே பிற்கால இடைச்செருகல் என்று தம் மாணவருக்கு எதிராகவே கட்டுரை எழுதி, அதை அந்த மாணவரைக் கொண்டே தட்டச்சு செய்வித்தார். இத்தகைய நெறியாளர்கள் கற்பனையில் மட்டும் வாழ்பவர்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

இதற்கிடையே அலுவலக உதவியாளர் அண்ணன் ஒருவர் வாளி கொண்டுவந்து வைத்தார். “டிரெய்ன் பைப் அடைச்சிருக்கு சார், ஊதிவிட்டா நின்னுடும்” என்றும் சொன்னார். மினிட்ஸில் இது ஏறவில்லை. அவர் உரை நூல் எதுவும் இயற்றாதவர்.

5. அழைக்கப்படாதோர் கருத்து

பெரம்பூர் நம் ஆய்வெல்லைக்கு வெளியே. ஆயினும் பி.பி. வாடியா அடையாறு பிரம்மஞான சபையிலிருந்து அங்கே போனவர் என்பதால் பாதி உள்ளே வருகிறது. அங்கிருந்த பக்கிங்காம் கர்னாடிக் மில் தொழிலாளர்களிடம் இருந்தது மிகச் சிறிய கருத்து: மதியம் சாப்பிட அரை மணி நேரம் போதவில்லை. அதற்கு உரை எழுத எவருக்கும் வாய்ப்புத் தராமல் அது வாடியாவிடம் போய்ச் சேர்ந்தது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். பின்னர் கம்பெனி வாடியா மீது நீதிமன்றத்துக்குப் போனது. கருத்துக் காதில் விழுந்துவிட்டது என்பதற்கு இதைவிட வலுவான அகச்சான்று இத்துறையில் இல்லை. தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் வந்தது.

இனி எல்லைக்குள் திரும்பலாம். தி.நகர் ஜவுளிக்கடைகளில் புடவை விரித்துக் காட்டும் அக்காக்களிடமும் ஒரு கருத்து இருந்தது: கால் வலிக்கிறது. இதில் பாடபேதம் இல்லை, தொனிப்பொருளும் இல்லை. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் ஆனது. கடைப் பணியாளருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தத்தைத் தமிழக சட்டமன்றம் கொண்டுவந்தது 2021-இல். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. ஒரு நாற்காலி கடைக்குள் வந்து சேர 74 ஆண்டுகள் ஆயின. அத்தனை ஆண்டும், அந்தக் கடைகளின் மேல்மாடி மீட்டிங் அறைகளில் நாற்காலிக்குப் பஞ்சம் வந்ததாகத் தகவல் இல்லை.

இந்த இயலுக்குக் களத்தரவு இன்னும் வேண்டும். ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள்: ஆடித் தள்ளுபடிக்கு ரங்கநாதன் தெருப் பக்கம் போனால், நீங்கள் புடவை பார்க்கும் தளத்தில் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். ஸ்டூல் மேல் துணிக்கட்டு உட்கார்ந்திருந்தால் கல்லாவில் இருப்பவரிடம் சத்தமாகக் கேளுங்கள். எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள்.