கன உலோகக் கன்னிச்சாமி: எல்லைப்புறச் செவிகள் குறித்து ஓர் ஆய்வு

ஹெவி மெட்டல் இசைவிழாவுக்கு முதன்முறையாகப் போகிறவருக்கு உலகெங்கும் அறிவுரைகள் மலிந்து கிடக்கின்றன. கறுப்புச் சட்டை போடு, காதை அடைத்துக்கொள், தலையை ஆட்டு, கூட்டத்தில் யாராவது விழுந்தால் தூக்கிவிடு. புதியவர் ஒன்றுமே தெரியாமல் வந்து நிற்கிறார் என்ற அனுமானத்தின் மேல்தான் இவை அத்தனையும் நிற்கின்றன. வாளையாறு தொடங்கிக் குமுளிவரை, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் தமிழரைப் பொறுத்தமட்டில் அந்த அனுமானம் செல்லாது என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். கொழிஞ்சாம்பாறைக்காரரோ வண்டிப்பெரியாற்றுக்காரரோ மெட்டல் விழாவில் புதியவர் அல்லர், கன்னிச்சாமி. முதல் முறை சபரிமலைக்குப் போகிறவருக்கு விரதம் தெரியும், சரணம் தெரியும், இருமுடி தெரியும். வழி மட்டும்தான் தெரியாது.

முதல் சான்று தாளம். கேரளக் கோயில்களின் செண்டை மேளமான பஞ்சாரி மேளம் 96 அட்சரகாலத்தில் தொடங்கி 48, 24, 12 என்று பாதிபாதியாகச் சுருங்கி 6-இல் வந்து முடிகிறது. முதல் காலத்தில் ஆள் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்கலாம். கடைசிக் காலத்தில் வெற்றிலை எங்கே விழுந்ததென்று தெரியாது, கைகள் எல்லாம் ஆகாயத்தில் இருக்கும். இந்தக் கடைசிக் காலத்திலேயே தொடங்கி, அங்கிருந்து இறங்க மறுக்கும் மேளத்துக்குத்தான் மேல்நாட்டார் மெட்டல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். விஷயம் தெரிந்தவர் உடனே மறுப்பார்: மெட்டலின் முன்னோடியான பிளாக் சாபத் குழுவின் முதல் தொகுப்பு 1970 பிப்ரவரி 13 அன்று வந்தது, அதன் முதல் பாட்டே ஆமை வேகத்தில் அல்லவா நகர்கிறது? நகரட்டும். மெட்டலுக்கும் மேளத்தைப் போல ஒரு பதிகாலம், அதாவது மந்தமான முதல் காலம், இருந்தது, பின்னால் வந்த பிள்ளைகள்தாம் பொறுமையில்லாமல் தாண்டிக் குதித்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. (மேளத்தின் மேல் கொள்ளும் பித்துக்கு மலையாளத்தில் 'மேளக்கம்பம்' என்று பெயர். குமுளியிலிருந்து மலையிறங்கினால் கம்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்பதை மொழியறிஞர்கள் சொல்வதற்குமுன் நாமே சொல்லிவிடுவது கௌரவம்.)

இரண்டாவது சான்று இரும்பு. பிளாக் சாபத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தபோது 17 வயதில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரலுறை செய்துகொண்டார். பிற்பாடு வலி தெரியாமல் அழுத்தத் தந்திகளைத் தளர்த்தவும் செய்தார். அந்தத் தொய்ந்த தந்தியின் கனத்த ஓசை மெட்டலின் அடையாளமாயிற்று. அப்படியானால் இரும்பு உருக்காலைகள் நிறைந்த கஞ்சிக்கோட்டில் ஏன் மெட்டல் பிறக்கவில்லை? செண்டையும் இலத்தாளமும் கொம்பும் ஏற்கெனவே அக்கம்பக்கத்தில் இருந்தன, தேவை எழவில்லை. பர்மிங்காமில் பூரம் கிடையாது.

மூன்றாவது சான்று உடம்பு. கூந்தலை அவிழ்த்துவிட்டுத் தலையைச் சுழற்றும் வித்தையைப் பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் சாமியாடியான வெளிச்சப்பாடு கையில் வாளோடு செய்கிறார். மெட்டல் ரசிகர் காலிக் கையோடு செய்கிறார், எனவே இவர் இளநிலை. கூட்டம் இரண்டாகப் பிரிந்து ஒன்றையொன்று மோதும் ஆட்டத்தைக் கண்டு மற்றவர்கள் மிரளலாம். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர் மிரளமாட்டார். கொங்கு மன்னனின் படையைப் பகவதி முறியடித்ததாகச் சொல்லி ஆண்டுதோறும் கொங்கன்படை கொண்டாடும் ஊர் அது. அதைத் தோற்ற தரப்பின் மொழி பேசுகிறவர்களும் நின்று ரசிக்கிறார்கள். மெட்டல் ரசிகர்கள் காட்டும் கொம்பு முத்திரையும் அந்நியமல்ல. அதைப் பரப்பிய பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ, தன் இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டிய சைகை அது என்று சொல்லியிருக்கிறார். வாசலில் திருஷ்டிப் பூசணி உடைக்கும் பாட்டிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பரதம் கற்கும் கல்பாத்திச் சிறுமியோ அதைப் பார்த்துச் சிம்மமுகம் என்பாள், கட்டைவிரலையும் திருத்திவிடுவாள்.

இடுக்கியில் பூரமே இல்லையே, அங்கே இந்த வாதம் எப்படிச் செல்லும் என்பது வலுவான ஆட்சேபம். தாளச் சான்று மலையில் சற்று மெலிகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தேயிலைத் தோட்டங்களின் மாரியம்மன் கொடைக்குரிய பறையும் உறுமியும் ஓரளவுக்குத்தான் ஈடுசெய்யும். ஆனால் உடையில் இடுக்கியை வெல்ல ஆளில்லை. கார்த்திகை பிறந்தால் குமுளிச் சாலை முழுக்கக் கறுப்பு வேட்டி, தாடி, வெறுங்கால், ஒரே குரலில் முழக்கம். சேறும் அப்படித்தான். ஜெர்மனியில் வாக்கன் என்னும் சிற்றூரில் 1990 முதல் நடக்கும் பெருவிழா 2023-இல் மழைச் சேற்றில் சிக்கி, பலரை உள்ளே விடமுடியாமல் திணறியது. பீர்மேட்டு மழையில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் அதைச் சேறு என்றே கணக்கில் எடுப்பார்களா என்பது ஐயம்.

அது பக்தி, இது வெறும் கூச்சல் என்பார் சிலர். நென்மாறா–வல்லங்கி வேலா திருவிழாவில் மேளமும் வெடியும் முடியும்வரை சன்னிதிப் பக்கமே திரும்பாதவர்களைத் தனி வரிசையில் நிற்கச் சொன்னால் இந்த ஆட்சேபம் தானாக விழும். பாட்டின் சொல் புரியவில்லை என்பதும் குறையல்ல. கொம்பு ஊதுகிறவர் என்ன சொல்கிறார் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

ஒரே ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்க முடியாது. செண்டை திறந்த வெளியில் தோலின் பலத்தில் ஒலிக்கிறது. மெட்டல் மின்சாரத்தின் பலத்தில், பெட்டிகளின் சுவரிலிருந்து நேராக நெஞ்சில் இறங்குகிறது. இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் வரையறுத்தது. ஆகவே, 2012-இல் தொடங்கிய பெங்களூர் ஓப்பன் ஏர் போன்ற விழாவுக்குக் கிளம்பும் கன்னிச்சாமிகள் மற்ற அறிவுரைகளைப் புறக்கணித்து, காதடைப்பானை மட்டும் இருமுடியில் கட்டிக்கொள்ளவும். பெங்களூர் போகும் ஐலண்டு எக்ஸ்பிரஸ் பாலக்காடு ஜங்ஷனில் நிற்கும்.