மடியில் கனம்

துப்பாக்கி வாங்குவதற்கு முன்னால் பேன்ட் வாங்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கடையில் நின்ற இளைஞன்தான் சொன்னான். தையற்காரர் பார்க்கிற மாதிரி என் இடுப்பை ஒரு முறை பார்த்துவிட்டு, "இப்போது போடுவதைவிட இரண்டு அங்குலம் பெரிதாக வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீங்கள் மட்டும்தான் இருக்க முடியும்" என்றான்.

ஹூஸ்டனுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருபது வருஷமாக இருக்கிறேன். இதில் முக்கால்வாசிக் காலம் எனக்குத் துப்பாக்கி ஆசை வந்ததே இல்லை. வந்திருந்தாலும் பலன் இல்லை. எச்1பி விசாக்காரன் துப்பாக்கி வாங்கப் போனால் வேட்டை உரிமம் மாதிரி ஏதாவது ஒரு விலக்கைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நானோ கரப்பான் பூச்சியை முறத்தில் ஏந்திக் கொல்லையில் விட்டுவிட்டு வருகிற பரம்பரை. பிறகு குடியுரிமை வந்தது. அதன் பின்னாலேயே வாட்ஸாப் குழு வந்தது. நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது திருடர்களுக்குத் தெரிந்துவிட்டது, மளிகைக் கடை வாசலில் கார்க் கண்ணாடியை உடைக்கிறார்கள், யாரும் தனியாகப் போகாதீர்கள் என்று தினம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு செய்தி. பத்தே காலுக்கு அதே செய்தியை இன்னொருவர் அனுப்புவார். பத்தரைக்கு எனக்குத் தூக்கம் போய்விடும்.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பாள் என் பாட்டி. டெக்ஸஸில் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். வழியில் பயம், ஆகவே மடியில் கனம். 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே 21 வயது நிரம்பிய, சட்டத் தடை ஏதும் இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து எடுத்துப் போகலாம். எத்தனை கனம் என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பதில் இருந்தது. எழுபது வயது தாண்டியவர். வீட்டில் நாங்கள் அவரை 'துரை' என்போம். அவருக்கு அது தெரியாது. அவர் என் பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்கியிருப்பதால் கணக்கு நேராகிவிட்டது. துரையின் மதத்தில் ஒரே தெய்வம், 1911 மாடல் பிஸ்டல். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அமெரிக்க ராணுவம் 1985 வரை இடுப்பில் கட்டியது. பாயின்ட் 45 தோட்டா, மேகஸினில் ஏழு. காலியாகவே 1,100 கிராம் இருக்கும். அதை என் கையில் கொடுத்தபோது, சீர் வரிசையில் வந்த பித்தளைக் குத்துவிளக்கை வாங்கியது போல இன்னொரு கையும் தானாக உதவிக்குப் போனது.

"சின்னக் குண்டு போட்டால் எதிராளிக்குக் கோபம்தான் வரும்" என்று ஆரம்பித்து, துரை எனக்கு ஒரு காலட்சேபமே செய்தார். பிலிப்பைன்ஸ் சண்டையில் பாயின்ட் 38 ரிவால்வர் குண்டு பட்டும் மோரோ வீரர்கள் நிற்காமல் வந்தார்களாம். உடனே 1904-இல் தாம்ஸன் என்ற ராணுவ அதிகாரியும் லகார்ட் என்ற ராணுவ மருத்துவரும் சிகாகோ மாட்டுத் தொட்டிக்குப் போய், பல அளவுக் குண்டுகளால் மாடுகளைச் சுட்டுப் பார்த்தார்கள். பிணங்களையும் சுட்டார்கள். கடைசியில் 45-க்குக் குறைந்து எதுவும் உதவாது என்று எழுதிக் கொடுத்தார்கள். இதெல்லாம் நிஜமாக நடந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த தயிர்சாதம் தொண்டையில் நின்றது. பசுவைக் கொன்ற பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். என்னைத் தாக்க வருகிறவன் மாடாக இருக்க மாட்டான் என்ற சின்னத் தர்க்கம்கூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. 45 என்று முடிவு செய்துகொண்டுதான் கடைக்குப் போனேன்.

துப்பாக்கிக் கடை நான் நினைத்த மாதிரி இல்லை. அசல் நகைக்கடை. கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, எடுத்து வைக்க ஒரு மெத்தை விரிப்பு. வேலை செய்கிறவர்களுக்குக் காஞ்சிபுரம் புடவைக் கடைக்காரர்களின் பொறுமை. "இதைப் பாருங்கள், இதே ரகத்தில் கொஞ்சம் கனம் குறைச்சல்" என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான் அந்த இளைஞன். இந்தச் சூழலில் என் மனைவிக்குத் தன் வீடு போல ஆகிவிட்டது. அவன் க்ளாக் 19-ஐ எடுத்து வைத்தான். ஒன்பது எம்.எம்., மேகஸினில் பதினைந்து தோட்டா, குண்டு போடாமல் சுமார் 600 கிராம்.

"அறுநூறு கிராம்னா எழுபத்தஞ்சு சவரன்" என்றாள் அவள், ஒரு நொடியும் யோசிக்காமல். "ஏங்க, அவ்வளவையும் இடுப்புல கட்டிட்டுப் போனா, திருடன் வராம என்ன செய்வான்?"

அப்படியானால் துரையின் தெய்வம் நூற்று முப்பத்தேழு சவரன். எங்கள் கல்யாணத்தில் இதில் கால்வாசிகூட வரவில்லை என்று அவள் சொல்வதற்குள் நான் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன்.

பையில் போடுகிற ரகம் ஒன்று இருந்தது. கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கைக்குட்டையோடு கைக்குட்டையாகக் கிடக்கும். இதுதான் எனக்கானது என்று மனசு துள்ளியது. பக்கத்திலேயே ஐந்து குண்டு மட்டும் கொள்ளும் குட்டி ரிவால்வர், 400 கிராம் சொச்சம். அதன் மேல் இன்னும் ஆசை. இளைஞன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். "முதலில் சுட்டுப் பாருங்கள்" என்று பின்பக்கம் இருந்த ரேஞ்சைக் காட்டினான். வாடகைக்கும் தருவார்களாம்.

காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. எதிரே ஒரு கறுப்பு மனித உருவம், காகிதத்தில். குட்டி ரிவால்வரை நீட்டினேன். பிடியில் என் விரல்களில் இரண்டுக்குத்தான் இடம். சுண்டு விரல் டவுன் பஸ் படிக்கட்டில் தொங்குகிறவன் மாதிரி காற்றில் தொங்கியது. விசையை இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று யாரோ என் உள்ளங்கையில் பிரம்பால் ஓங்கி அடித்தார்கள். பத்தாம் வகுப்பில் நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்கியவன் நான். அது கைக்குப் புரிய நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. குண்டு முன்னே போனால் துப்பாக்கி பின்னே வந்தே தீர வேண்டும். ஒரு கிலோ கனமுள்ளது மாப்பிள்ளை முறுக்கோடு நிதானமாக வரும். நானூறு கிராம் ஓடி வந்து மேலே விழும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது சரி. அந்தக் காரம் தாளிக்கிறவன் கண்ணில்தான் முதலில் தெறிக்கிறது.

ஐந்து குண்டில் ஒன்று காகிதத்தில் பட்டது. தோள்பட்டைக்கு மேலே, காற்றுப் படம் போட்டிருந்த இடத்தில்.

அடுத்து அதே துரையின் மாடல், வாடகைக்கு. சத்தம் கோயில் அதிர்வேட்டு. ஆனால் கை வலிக்கவில்லை. ஏழில் ஐந்து உருவத்துக்குள். க்ளாக் 19 இன்னும் சாது. பத்தில் ஒன்பது. ஆக, இந்த வியாபாரத்தின் சூட்சுமம் பிடிபட்டது. கைக்கு இதமாக இருப்பது இடுப்புக்கு இம்சை. இடுப்புக்கு இதமாக இருப்பது கைக்குப் பிரம்படி. நூறு வருஷமாக அமெரிக்கர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எஃப்.பி.ஐ. கதையே இதற்குச் சாட்சி. 1986 ஏப்ரலில் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர்களுடைய ஆட்கள் இருவர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்பது எம்.எம். போதாது என்று பத்து எம்.எம்.முக்குப் போனார்கள். அது உதைத்த உதையில், மருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்த பிறகு அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று அதைக் குட்டையாக்கி, 1990-இல் பாயின்ட் 40 என்று புதிதாக ஒன்று வந்தது. அதுவும் பலர் கையில் துள்ளியது. இதற்குள் குண்டு செய்கிற கலையும் முன்னேறிவிட்டது. 2015 வாக்கில் பழைய ஒன்பது எம்.எம்.முக்கே திரும்பி வந்துவிட்டார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதில் நம்மூர் அலுவலகங்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று இதுவரை கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"நடுவாந்தரமாக ஒன்று இருக்கிறது" என்று இளைஞன் சிக் பி365-ஐ எடுத்தான். 2018-இல் வந்தது. 500 கிராம்தான், ஆனால் பத்துத் தோட்டா கொள்ளும். வருஷம் 365 நாளும் கட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான் பெயரில் இருக்கும் எண்ணாம். லீப் வருஷத்தில் ஒரு நாள் லீவு போல. நன்றாகத்தான் இருந்தது. "வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கட்டிப் பழகுங்கள்" என்று அதே அளவில் வார்த்த நீல நிறப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்றையும், பேன்டுக்குள் செருகும் உறையையும், மாட்டை இழுத்துக் கட்டலாம் போலிருந்த ஒரு பெல்ட்டையும் எடுத்துக் கொடுத்தான். அப்போதுதான் அந்த இரண்டு அங்குலப் பேச்சு வந்தது. அன்று மாலையே மூன்று பேன்ட் வாங்கினேன்.

எங்கே செருகுவது என்பதை இவர்கள் கடிகாரத்தில் சொல்கிறார்கள். தொப்புள் பன்னிரண்டு மணி. வலது இடுப்பு மூன்று. அதற்குக் கொஞ்சம் பின்னால் நான்கு. "இன்னிக்கு எத்தனை மணிக்கு?" என்று மனைவி கேட்டால் என் பதில் அலுவலகம் கிளம்புகிற நேரம் பற்றியதா, முதுகு வலி பற்றியதா என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது. ஒரு மணி இடத்துக்கு 'அப்பெண்டிக்ஸ்' என்று பேர். எனக்கு அந்தக் குடல்வாலை எடுத்து வருஷம் பத்தாகிறது. காலி இடம்தானே என்று அங்கேயே வைத்தேன். நிற்கும்வரை சுகம். காரில் உட்கார்ந்ததும் என் தொப்பை மேலிருந்து அழுத்த, சீட் பெல்ட் குறுக்கே அழுத்த, பொம்மை கீழே எங்கே அழுத்தியது என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

நான்கு மணிக்கு மாற்றினேன். உட்கார முடிந்தது, சாய முடியவில்லை. மளிகைக் கடையில் அடித்தட்டில் இருந்த இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையைக் குனிந்து தூக்கியபோது சட்டை மேலே ஏறி, நீலப் பிளாஸ்டிக் உலகத்துக்குக் காட்சி கொடுத்தது. பின்னால் நின்ற ஆந்திரக்காரப் பெண்மணி தன் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பருப்பு வரிசைக்கு ஓடினார். மறைத்து எடுத்துப்போவது என்றால் குனியக் கூடாது, எம்பக் கூடாது, யாரையும் கட்டிப் பிடிக்கக் கூடாது. டெக்ஸஸ்காரர்கள் இடைவிடாமல் கட்டிப் பிடிக்கிறவர்கள் என்பது வேறு. இதற்கென்றே உடம்பெல்லாம் பை வைத்த அரைக்கோட்டு விற்கிறார்கள். அதைப் போட்டால் துப்பாக்கி தெரியாது. துப்பாக்கி வைத்திருக்கிறான் என்பது மட்டும் நூறு அடிக்கு முன்னாலேயே தெரியும்.

வெள்ளிக்கிழமை கோயில். பொம்மையே ஆனாலும் அங்கே கொண்டுபோக மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே வேட்டி கட்டிக் கண்ணாடி முன் நின்று பார்த்தேன். மேலே சட்டை கிடையாது, ஆகவே மறைக்க ஏதும் இல்லை. வேட்டி முடிச்சு தன்னையே தாங்கிக்கொள்வது பெரும்பாடு. சாமி கும்பிடுகிற பாவனையில் குனிந்ததும் பொம்மை உள்பக்கமாகவே இறங்கிக் கால் கட்டைவிரலில் விழுந்தது. நிஜமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். வேல், சூலம், வில், கதை என்று நம் தெய்வங்கள் யாரிடம்தான் ஆயுதம் இல்லை? ஒருவராவது இடுப்பில் மறைத்திருக்கிறாரா? கனம் கூடினால் கூட நாலு கை வைத்துக்கொள்கிறார்களே தவிர, பெரிய சைஸ் பேன்ட் வாங்கவில்லை.

இதற்கு மேல் பலகைகள். கடை வாசலில் 30.06 என்று சட்டப் பிரிவு எழுதிய பலகை இருந்தால் உரிமம் உள்ளவரும் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது. 30.07 என்றால் வெளியே தெரியக் கூடாது. எழுத்து ஓர் அங்குலமாவது இருக்க வேண்டும், ஆங்கிலத்தோடு ஸ்பானிஷிலும் இருக்க வேண்டும். வருமானத்தில் 51 சதவீதம் குடிவகையில் வருகிற இடத்தில் அந்த எண்ணையே சிவப்பில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். அங்கேயும் கூடாது. தபால் நிலையத்தில் கூடாது. பள்ளிக்கூடத்தில் கூடாது. என் வாரத்தை எழுதிப் பார்த்தேன். அலுவலகம், தபால் நிலையம், மகளின் பள்ளிக்கூடம், கோயில். துப்பாக்கி போகக்கூடிய இடமாக மிஞ்சியது மளிகைக் கடையும் என் காரும்தான். மற்ற நேரமெல்லாம் அது காரிலேயே இருக்க வேண்டும். எந்தக் காரின் கண்ணாடியை உடைக்கிறார்கள் என்று நான் பயந்தேனோ, அதே காரில். திருடனுக்குப் பயந்து வாங்கி, அவன் வரும்போது கையில் கிடைக்கிற மாதிரி வைக்க வேண்டும்.

எதற்கும் துரையையே கேட்டுவிடலாம் என்று ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை போனேன். வெயில் நூறு டிகிரி. அரை டவுசரும் பனியனுமாகப் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் அவர் வண்டியில் ஏறி, பெட்ரோல் பங்கு வரை போய் ஐஸ் வாங்கினோம். பணம் எடுக்க அவர் பையைத் துழாவியபோது பார்த்தேன். பர்ஸ், சாவி, ஒரு பல்குச்சி.

"45 எங்கே?" என்றேன்.

"அதுவா, இரும்புப் பெட்டியில்" என்றார். "இந்த வெயிலில் எவன் சுமப்பான்?"

"எப்போதிலிருந்து?"

கொஞ்சம் யோசித்தார். "முட்டி ஆபரேஷன் ஆனதிலிருந்து" என்றார். அது நடந்தது நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடி வந்த வருஷம். கறிவேப்பிலை ரசம் வைத்து என் மனைவி கொண்டுபோய்க் கொடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வாட்ஸாப் குழுவைப் பத்து மணிக்கு மேல் சத்தமில்லாமல் வைத்திருக்கிறேன். பேன்ட் மூன்றையும் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சீட்டைக் கிழித்துவிட்டேன். வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டேன். தீபாவளிக்குள் அந்த இரண்டு அங்குலமும் தானாகவே நிரம்பிவிட்டது. இதற்கு எந்தப் பலகையும் தடை சொல்லவில்லை. மறைத்து எடுத்துப்போகத்தான் இன்னும் ஒரு சட்டை கிடைக்கவில்லை.