ஏழரையில் தொடங்கிய சர்வே

1802 ஏப்ரலில் பரங்கிமலை அடிவாரத்தில் வில்லியம் லாம்டன் துரை சர்வேக்காக நூறடிச் சங்கிலியைத் தரையில் நீட்டினார். சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோன சீர்வரிசையில் இருந்து, வேண்டாமென்று திரும்பி வந்த சங்கிலி அது. முதல் கோட்டின் நீளம் ஏழரை மைல். ஜோசியரைக் கேட்டிருந்தால், "எட்டாக்கிக்கோங்க துரை" என்றிருப்பார். கேட்கவில்லை. மறுமுனையான பெரும்பாக்கம் போய்ச் சேர 57 நாள். இன்றைக்கு டவுன் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய்விடலாம்.

சனி 1808இல் தஞ்சாவூரில் பிடித்தது. பெரிய கோயில் மேல் கோணம் அளக்கும் அரை டன் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, பித்தளை வட்டம் நெளிந்துபோனது. அத்தனை பெரிய உச்சிக் கல்லையே ஏற்றிய ஊரில்! துரை கூடாரத்துக்குள் அடைந்துகொண்டு ஆறு வாரம் அதை இழுத்து, தட்டி, வட்டமாக்கினார்.

அந்த வம்சத்தில் வந்தவைதான் சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போ ஷீட் வரைபடங்கள். பழைய ஷீட்டுகளில் மைலுக்கு ஓர் அங்குலம். எங்கள் கள்ளக்குறிச்சி 58 ஐ வரிசையில் வரும். அங்குள்ள நைனார்பாளையத்துக்காரன் அதில் முதலில் தேடுவது ஆற்றைத்தானே? தண்ணீர் ஓடினால் நீலம், வறண்டால் கறுப்பு என்பது அவர்கள் சட்டம். ஆனால் அந்தக் காலத்தில் சர்வேக்காரர்கள் சங்கிலியோடு வந்ததே மழை விட்ட பிறகுதான். அடைமழைக் காலத்தில் ஆபீசில் உட்கார்ந்து மை தொட்டு வரைவார்கள். பெண் சாணி தட்டும் நேரம் பார்த்துப் பெண் பார்க்க வந்துவிட்டு, 'நிறம் கம்மி' என்று எழுதிப்போன கதை. ஐப்பசியில் கல்வராயன் மலையில் மழை பிடித்தால் கோமுகியும் மணிமுத்தாறும் போடும் ஆட்டத்தை அந்தக் கறுப்புக் கோட்டிடம் கேட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. இரண்டும் சேர்ந்து வெள்ளாற்றில் விழுந்து, பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடும். படத்தில் அந்த ஊருக்குப் பெயர் போர்ட்டோ நோவோ. நம் மலைத் தண்ணீர் போர்த்துகீசியப் பெயரில்தான் கடல் சேர வேண்டியிருந்தது.

ஆற்றின் நிறத்தில் கோட்டைவிட்டவர்கள் ஏரிக்கரையில் விடவில்லை. வளைவு, மதகு, கரையின் முடிவு எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பழைய ஷீட் கையில் கிடைத்தால் உங்கள் ஊர் ஏரியை ஒருமுறை பாருங்கள். அப்புறம் கரையோரம் புதிதாக முளைத்த பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள்.