குண்டு விழுந்த தூரம்

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரீல்ஸ், வாட்ஸ்அப் வழியாக வரலாறு நடத்தலாமா?
(ஓர் ஆசிரியை, சிதம்பரம்)

பதில்: தாராளமாக. உங்கள் மாவட்டத்தில் சரக்கு கொட்டிக் கிடக்கிறது. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, அங்கிருந்து பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை இருந்த ஊர்களையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. நான்கெல்லை எழுதும் பத்திர எழுத்தர் கேட்டால் மயங்கி விழுவார். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். குண்டு உப்பலவாடி இன்றும் கடலூர் பக்கம் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகை முன்னால் நின்று ஒரு மாணவி நாற்பது வினாடி பேசட்டும், லைக் தானாக விழும்.

அடுத்து உங்கள் ஊர். நடராஜரின் கால் பெருவிரல்தான் பூமியின் காந்த நடுக்கோட்டு மையம் என்று சுற்றிச் சுற்றி வரும் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். (நீங்களும் அனுப்பினீர்களா என்று கேட்கமாட்டேன்.) அதையே வகுப்பில் காட்டுங்கள். காந்த நடுக்கோடு போவது திருநெல்வேலிப் பக்கம் என்பதைப் பிள்ளைகளே தேடிப் பிடிக்கட்டும். பிறகு கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சோழர் கல்வெட்டு ஒன்றைக் காட்டுங்கள். அரசன் பெயர், ஆட்சியாண்டு, யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்று விவரமாகச் சொல்லும். ஃபார்வர்டில் இருப்பது 'தமிழனாக இருந்தால் ஷேர் செய்' மட்டும்தான்.

வீடியோவைப் பிள்ளைகள் கணக்கில் போடாமல் பள்ளிக் கணக்கில் போடுங்கள். கமெண்ட்டை மூடிவிடுங்கள், சோழனா பாண்டியனா என்று சண்டை போட மாமாக்கள் வந்துவிடுவார்கள்.