அரை ஓட்டை அதிபதி

பேங்கில் ரிட்டயர் ஆனவர்களுக்குக் கோயமுத்தூரில் இரண்டு வழி உண்டு. ஒன்று கோயில் கமிட்டி, இன்னொன்று ஷேர் மார்க்கெட். இரண்டிலும் என்னைச் சேர்த்துக்கொள்ளாததால் லேத் வாங்கினேன். ஆவாரம்பாளையத்தில் ஒருத்தர் பட்டறையை ஏறக்கட்டினபோது சல்லிசாகக் கிடைத்தது. இப்போது லேத் போர்ட்டிகோவில் நிற்கிறது, கார் வெயிலில் நிற்கிறது, நான் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறேன்.

அம்மணிக்குக் கட்டிலோரம் வைக்க ஒரு மின்விளக்குத் தண்டு கடைந்து தருவதாகப் பேச்சு. 300 மில்லிமீட்டர் அலுமினிய ராடு, நடுவில் ஒயர் போக 10 மில்லிமீட்டர் ஓட்டை. "ஏனுங்க, ஓட்டையோடயே குழாய் விக்கறாங்களே?" என்றாள். குழாயில் குத்துவிளக்கு மாதிரி வளையமும் கும்பமும் கடையச் சதை இருக்காது என்பது சரியான பதில். அது எனக்குத் தோன்றியபோது ராத்திரி பதினோரு மணி. அவள் தூங்கிவிட்டாள்.

விட்டத்தைப் போல ஐந்து மடங்கு தாண்டினாலே பட்டறைக்காரர்கள் ஆழமான ஓட்டை என்பார்கள். என்னுடையது முப்பது மடங்கு. நம்ம ஊரில் ஆயிரம் அடிக்குப் போர் போடுகிறார்களே, இது ஒரு முழம்கூட இல்லையே என்று தைரியமாக இறங்கினேன். போர் வண்டிக்காரர்கள் காற்றை அடித்து உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிடுகிறார்கள். என் டிரில்லுக்கு அந்த வசதி இல்லை. சீவின அலுமினியம் டிரில்லின் பள்ளத்திலேயே அடைந்துகொள்கிறது. ஆகவே ஒரு சென்டிமீட்டர் போனதும் டிரில்லை முழுசாக வெளியே இழுத்து, சுருளைத் தட்டி, சீமெண்ணெய் தடவி, மறுபடி உள்ளே விட வேண்டும்.

இதை டெயில்ஸ்டாக்கில், அதாவது டிரில்லைப் பிடித்து நிற்கும் லேத்தின் வால் பக்கத்தில், செய்து பார்த்தவர்களுக்குத்தான் வலி தெரியும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி உள்ளே, சுற்றிச் சுற்றி வெளியே. என் லேத்தில் அதன் தண்டு 100 மில்லிமீட்டருக்கு மேல் நீளாது. அதற்கப்புறம் நட்டை லூஸ் பண்ணி, மொத்த டெயில்ஸ்டாக்கையும் தள்ளி, டைட் பண்ணி, மறுபடி சுற்ற வேண்டும். தோள்பட்டை பிடித்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். "என்ன வேலை பார்க்கறீங்க?" என்றார். "ரிட்டயர்டுங்க" என்றேன். நம்பவில்லை.

விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் டிரில்லை, லேத்தின் நீளவாட்டில் நகரும் கேரேஜில் ஏற்றிவிடுகிறார்கள். அதன்மேல் கருவியைப் பிடிக்கும் டூல் போஸ்டில் ஒரு ஹோல்டர், அதில் டிரில். கேரேஜ் சக்கரத்தை விறுவிறுவென்று திருப்பினால் டிரில் ஓடிப் போய் ஓடி வரும். ஆனால் டெயில்ஸ்டாக்கை சென்டருக்கென்றே செய்து வைத்திருக்கிறார்கள். கேரேஜை நாம்தான் கொண்டுபோய் சென்டரில் நிறுத்த வேண்டும்.

பக்கத்துப் பட்டறை டர்னர் தம்பி ஒரு வழி சொன்னான். ஓட்டையே போடாத கட்டையை ஹோல்டராக டூல் போஸ்டில் மாட்ட வேண்டும். டிரில்லை, வழக்கமாக ராடைப் பிடித்துச் சுற்றும் சக்கில் மாட்டி, அந்தக் கட்டையைக் கேரேஜோடு நகர்த்தி ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். சக்கு போட்ட ஓட்டை சக்கின் சென்டரை விட்டு எங்கே போகும்? உயரம் அளக்கும் வேலையே இல்லை, குறுக்குவாட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். "கிராஸ் ஸ்லைடு ரீடிங்கை மட்டும் குறிச்சு வெச்சுக்குங்க சார். எப்பவும் ஒரே பக்கமாத் திருப்பிக் கொண்டு வாங்க, ஸ்க்ரூவுல ஆட்டம் இருக்கும்" என்றான்.

குறித்து வைத்தேன். தினசரி காலண்டரில்.

மறுநாள் அம்மணி அந்தத் தாளைக் கிழித்து, விபூதி மடித்து, மகளுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள். என் சென்டர் திருப்பூருக்குப் போய்விட்டது. போன் போட்டு, பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "மேற்கே சூலம்னு போட்டிருக்குங்ப்பா."

குத்துமதிப்பாக வைத்து ஆரம்பித்தேன். டிரில் சென்டர் தப்பி நின்றால் ஓட்டை விழவே விழாது என்று நினைக்காதீர்கள். தாராளமாக விழும். 10 கேட்டால் 11 கொடுக்கும். வாயில் இன்னும் அகலமாக. டிரில் வளைந்துகொண்டே போட்ட கீச்சுச் சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எங்கள் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டது.

ஒருவழியாக சென்டர் பிடித்தபின், அடுத்த ராடுக்கு ஆட்டோ ஃபீடு போட்டேன். கேரேஜுக்கு மாறுவதில் பெரிய சுகமே அதுதான், கையில் காபி டம்ளர் பிடிக்கலாம். சுருள் அடைத்தால் கைக்குத் தெரியும். மோட்டாருக்கு அந்தச் சுரணை கிடையாது, தள்ளிக்கொண்டே போகும். புகை வந்தது. மியூனிக்கில் கவுன்ட் ரம்ஃபோர்டு என்று ஒருத்தர், வேண்டுமென்றே மழுங்கின கருவியால் பீரங்கியைக் குடையவிட்டு, இரண்டரை மணி நேரத்தில் நெருப்பில்லாமல் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். உஷ்ணம் என்பது அசைவுதான் என்று 1798-ல் ராயல் சொசைட்டிக்குக் கட்டுரை எழுதினார். என் ஆராய்ச்சியைப் பற்றி, "என்னமோ கருகுதுங்க" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது. அதற்குள் 'டிக்'.

உள்ளே ஒடிந்த டிரில்லை இன்னொரு டிரில் போட்டு எடுக்க முடியாது. இரண்டும் ஒரே ஸ்டீல். படிகாரக் கரைசலில் போட்டுச் சுடவைத்தால் ஸ்டீல் மெல்ல மெல்லக் கரையும், அலுமினியம் தப்பித்துக்கொள்ளும். படிகாரம் வாசலிலேயே திருஷ்டிக்குத் தொங்கியது. கூடவே மீன்குழம்புச் சட்டியும் தேவைப்பட்டது. அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

கட்டிலோரம் இருப்பது கடையில் வாங்கின விளக்கு. பாதி ஓட்டையோடு நின்றுபோன ராடுகளைப் பளபளவென்று பாலிஷ் போட்டு, ஊதுபத்தி ஸ்டாண்ட் என்று சொந்தக்காரர்களுக்கு வினியோகித்துவிட்டேன். எல்லோரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். சம்பந்தியம்மா மட்டும் போன வாரம் போன் பண்ணினார்.

"அழகா இருக்குதுங்ணா. ஆனா பத்தியை வெச்சா உள்ள போயி நுனி மட்டுந்தான் தெரியுது. இத்தன ஆழமா எதுக்குங்ணா ஓட்டை போட்டீங்க?"